அக்கா பூட்டு

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, ஒரு வால்வுக்கு டேப் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்து இட்லி தின்றுவிட்டு, கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய அந்தச் சின்ன ஓட்டு வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். துவைக்கிற கல்லின் மேல் ஒரு சாக்கு. சாக்கின் மேல் ஒன்றேகால் இஞ்ச் பித்தளை வால்வு, அதன் இரண்டு பக்கமும் மாட்ட மரை வெட்டிய இரண்டு துண்டுக் குழாய், ஒரு சுருள் வெள்ளை டேப். ஒரு துண்டுக்கு மார்ட்டின் சுற்றினான். இன்னொன்றுக்கு அவன் அம்மா இஞ்ஞாசியம்மாள் சுற்றினாள்.

டேப் சுற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. மரை எந்தப் பக்கம் இறுகுமோ அந்தப் பக்கமாகவே சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால், குழாயை முடுக்க முடுக்க டேப் உரிந்து வெளியே வந்துவிடும். மூட்டில் தண்ணீர் கசியும். அம்மா இடது கைக்காரி. எத்தனை தடவை சொன்னாலும் அவள் கை தன் வழியிலேயே போகும்.

"மாத்திச் சுத்துற மா."

"சுத்துறது சுத்துறதுதானே. எந்தப் பக்கம் சுத்துனா இன்னா?"

"ஒழுவும்."

"நீதான் ஒரு நாளும் மலைக்கு வரமாட்டியே. ஒழுவுறது உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று அவள் முகத்தில் ஒரு அவசரம் இருந்தது. கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி நெல்லிப்பாறை என்று ஒரு சிற்றூர். முப்பது வீடு. அங்கே இருக்கிற தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதற்காக ஒரு வாரம் முன்பு வால்வை மூடியிருக்கிறாள். மூடிய வால்வு திறக்கவில்லை. பலம் கொடுத்துத் திருகியதில் தண்டு முறிந்து கையோடு வந்துவிட்டது. ஊருக்குத் தண்ணீர் நின்றுபோனது. அடுத்த வாரம் அவள் சமைத்துப் போட வேண்டிய புதிய பயிற்சி டீம் மலைக்கு வருகிறது. அதற்குள் தொட்டியில் தண்ணீர் வர வேண்டும். வறண்ட தொட்டியைப் பார்த்தால் அதைச் செத்தது என்று எழுதிவிட்டு, ரோட்டோரத்து ஊரில் புதிதாக ஒன்று கட்டக் கிளம்பிவிடுவார்கள். நெல்லிப்பாறைப் பெண்கள் பழையபடி ஓடைக்கு நடக்க வேண்டியதுதான்.

"செவ்வாக்கெழம காலைல மொத பஸ்ஸுக்கே போயிடுவேன்" என்றாள். பிறகு, "பஸ் ஸ்டாண்டு சாவிக்காரரு இன்னைக்கி இருப்பாரா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம எங்க இருப்பாரு? எதுக்கு?"

"ஒண்ணுமில்ல."

அவனுக்கு ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மா சுற்றியதைப் பிரித்துச் சரியாகச் சுற்ற வேண்டும் என்று எடுத்தான். "நானே பிரிச்சுச் சுத்திக்கிறேன், நீ கெளம்பு" என்று பிடுங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ரேஷன் கடை வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தவள், தன் முறை வந்தபோது எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். வயது ஐம்பத்தெட்டு. அந்த நேரத்தில் மார்ட்டின் ஓசூர் தொழிற்சாலையில் ஒரு பிரஷர் கேஜைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். போன் லாக்கரில் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது பதினான்கு அழைப்புகள் தவறியிருந்தன.

இஞ்ஞாசியம்மாள் பிறந்தது களமருதூரில். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற குடும்பம். ஐந்தாவது வரை படித்தாள். கள்ளக்குறிச்சி அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய சிங்கராயருக்கு வாழ்க்கைப்பட்டாள். மார்ட்டினுக்குப் பதினோரு வயதாகும்போது சிங்கராயர் மஞ்சள் காமாலையில் போனார். அதற்குப் பிறகு ஒரு விடுதிச் சமையலறையில் ஆறு வருடம். அங்கே அவள் கைப்பக்குவம் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் மலைக்குச் சமைக்கப் போனாள்.

நகரத்தில் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்துகிற ஒரு நிறுவனத்துக்குத்தான் அந்தச் சமையல். கல்லூரி முடித்தவர்களையும் கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் எட்டு எட்டுப் பேராகப் பிரித்து மலைக்கு அனுப்பும். ஆறு நாள் தங்க வேண்டும். ஒரு ஊரைத் தேர்ந்து அதற்கு உபயோகமாக ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். ஏழாம் நாள் திறப்பு விழா, போட்டோ, பஸ். கரியாலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் காலி அறைகளில் தங்குவார்கள். சமையல் இஞ்ஞாசியம்மாள்.

முதல் டீம் வந்து திரும்பியதும் அவள் மார்ட்டினுக்குச் சொன்ன கதை இது. எல்லாரையும் பெயர் கேட்டிருக்கிறாள். ஒவ்வொருவரும் பெயரோடு, தான் இன்ன வேலைக்கு லீடர் என்றும் சொல்லியிருக்கிறார்கள். திட்டத்துக்கு ஒரு லீடர், பொருளுக்கு ஒரு லீடர், பாதுகாப்புக்கு ஒரு லீடர். கேட்டுவிட்டு அம்மா சொன்னாளாம், "எட்டுப் பேரும் லீடருன்னா சிமென்ட்டு மூட்டையை யாரு தூக்குறது?" அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிறகு நிஜமாகவே தூக்கினார்கள் என்றும் சொன்னாள். டீம் பிள்ளைகளை அவள் ஒருபோதும் மட்டமாகப் பேசியதில்லை. கை கொப்புளம் போட்டவனுக்கு மஞ்சள் வைத்துக் கட்டுவாள். வீட்டு ஞாபகத்தில் சாப்பிடாமல் இருக்கிற பெண்ணுக்கு ரசம் தனியாக எடுத்து வைப்பாள்.

முதல் சாவி அவள் கைக்கு வந்தது ஒரு ஏழாம் நாளில். நெல்லிப்பாறைக்கு மேலே இருக்கிற ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தொட்டி கட்டிய டீம் அது. வால்வு இருக்கிற குழிக்கு இரும்பு மூடியும் பூட்டும் போட்டிருந்தார்கள். விழா முடிந்தது. பஸ் ஹாரன் அடித்தது. சாவியை யாரிடம் கொடுப்பது என்று அப்போதுதான் ஒருவனுக்கு ஞாபகம் வந்தது. ஊர்ப் பெரியவர் கிழங்கு லாரி வந்ததென்று போய்விட்டார். இஞ்ஞாசியம்மாள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஓடி வந்து அவள் ஈரக் கையில் வைத்துவிட்டு ஓடிப் போனான். அடுத்த வருடம் வேறொரு டீம், ஒரு நூலக அலமாரி, ஒரு சாவி. அதற்கடுத்து பள்ளிக்கூடக் கழிவறை. பிறகு சோலார் விளக்குகளின் பேட்டரிப் பெட்டி. கேட்காமலே எல்லாரும் அவளிடம் கொடுத்தார்கள். அவள்தான் எல்லாரையும் விடக் கடைசியாக மலை இறங்குகிறவள்.

பதினாறு வருடத்தில் பதினோரு சாவி சேர்ந்தது. ஒரு வளையத்தில் அந்தோணியார் பதக்கத்தோடு கோத்து, அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூல் கட்டியிருந்தாள். நெல்லிப்பாறைக்கு நீலம். மாதம் ஒரு தடவை, டீம் இல்லாத மாதத்திலும், பஸ் ஏறிப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். தொட்டி கழுவுவாள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். புரியாததை மார்ட்டினுக்கு போன் போட்டுக் கேட்பாள். அவன் ஷிஃப்ட் முடிந்த களைப்பில் பதில் சொல்வான்.

"நீ சமையல்காரம்மா. மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட் இல்ல" என்று ஒரு தடவை சொன்னான்.  அம்மா, "சரி, அந்தச் செவப்பு ஒயரை எதுல மாட்டணும், அதைச் சொல்லு" என்றாள்.

இன்னொரு சண்டையும் உண்டு. அந்த நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. பழையதைப் பழுது பார்ப்பது கணக்கில் வராது, புதியதாகத்தான் செய்ய வேண்டும். அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். புதிய டீம் வந்தால் இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், நெல்லிப்பாறைத் தொட்டி இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது என்று சொல்வாள். ஒரு டீம் தொட்டிக்கு மேடை கட்டியது. அடுத்தது குழாய் மாற்றியது. அதற்கடுத்தது சுற்றுச்சுவர் பூசியது. ஒவ்வொன்றும் பழைய எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துத் தன் பெயரை எழுதிவிட்டுப் போனது. இது ஏமாற்று வேலை என்று மார்ட்டின் சொன்னான்.

"யாரை ஏமாத்துனேன்? அவங்களுக்குப் பேரு எழுதணும். ஊருக்குத் தண்ணி வேணும். ரெண்டுக்கும் செவுரு ஒண்ணுதான் கீது."

 அவள் வா என்று கூப்பிட்ட ஒரு நாளும் அவன் போகவில்லை. ஊருக்கு வருவது மாதத்துக்கு இரண்டு நாள். தூங்க வேண்டும் என்பான்.

அடக்கம் செவ்வாய்க்கிழமை நடந்தது. மூன்றாம் நாள் கல்லறை மந்திரிப்பு ஜெபம் முடிந்து உறவினர்கள் போனார்கள். மார்ட்டினுக்கு வேறு யாரும் இல்லை. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. இரண்டு வாரம் விடுப்பு. வீட்டில் இருந்தான். எதைப் பார்த்தாலும் அதைச் சரி செய்தான். மின்விசிறியின் கண்டென்சரை மாற்றினான். ஒழுகாத குழாய்க்கு வாஷர் போட்டான். சமையலறையில் மட்டும் எதையும் தொடவில்லை. அரிசி டப்பாவுக்குள் அவள் படிக்குப் பதிலாகப் போட்டு வைத்திருந்த டம்ளர் அப்படியே கிடந்தது. ஓட்டலில் சாப்பிட்டான்.

பின்கட்டில், சாக்குக்குப் பக்கத்தில், அவளுடைய மலைப் பை. பச்சை நிறக் கித்தான் பை. திறக்கவில்லை. அவன் அதைச் சுற்றி நடந்து போய் முகம் கழுவினான்.

பத்தாம் நாள் தீனதயாளன் என்பவர் போன் செய்தார். நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர். டீம் வருகிற தேதியைச் சொல்ல அம்மாவைக் கேட்டார். மார்ட்டின் விஷயத்தைச் சொன்னான். அவர் உண்மையாகவே அதிர்ந்து போனார். ரொம்ப நேரம் அம்மாவின் புளிசாதத்தைப் பற்றிப் பேசினார். பிறகு தயங்கித் தயங்கி, டீம் வருவது ஒரு வாரம் தள்ளிப்போயிருப்பதாகவும், திங்கட்கிழமை ஊர்களைப் பார்வையிடத் தான் வருவதாகவும், வருகிற வழியில் ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். இனி அது அலுவலகத்தில் இருப்பதுதான் முறை என்றார். மார்ட்டின் அன்று அதிகாலையிலேயே ஓசூரில் வேலைக்குச் சேர வேண்டியவன். பக்கத்து வீட்டு அமுதா அக்காவிடம் கொடுத்து வைப்பதாகச் சொன்னான்.

சனிக்கிழமை காலை அம்மாவின் போன் அடித்தது. அவன் அதை அணைக்காமல் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான்.  திரையில் 'பாப்பாத்தி நெலிபாரை' என்று அம்மா தன் எழுத்தில் போட்டு வைத்திருந்த பெயர்.

எடுத்தான். அந்தப் பக்கம் காற்று இரைச்சல்.

"அக்கா" என்றது ஒரு குரல். "அக்கா, பேசலன்னாலும் பரவால்ல. கேளு. எம்மேல கோவம் இருந்தா ஊருக்கு வந்து திட்டு. புள்ளைங்க ஓடைத்தண்ணி குடிச்சுக்கினு கீதுங்க. ரெண்டு பேருக்கு வயித்தால போவுது. வந்து தொறந்து வுடுக்கா."

  "நான் அவங்க பையன். வால்வை எடுத்துக்கினு வரேன்" என்று மட்டும் சொன்னான்.

பச்சைப் பையை அப்போதுதான் திறந்தான். உள்ளே சாக்குத் துணியில் சுற்றிய வால்வும் துண்டுக் குழாய்களும், இரண்டு பைப் ரெஞ்ச், சாவிக்கொத்து, தினக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய ஒரு பட்டியல். பட்டியலைப் படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வெள்ளிமலை பஸ் பாதி காலியாக இருந்தது. கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கண்டக்டர் வந்தார். டிக்கெட் கிழிக்கப் போனவர் அவன் மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

"இது இஞ்ஞாசிம்மா பையாச்சே. நீ அவங்க புள்ளையா?"

"ஆமாங்க."

"ஓசூர்ல மெசினுக்கெல்லாம் டாக்டருன்னு சொல்லிக்கினே வருவாங்க. ஒரு வழியா உன்னை மலைக்கு அனுப்பிட்டாங்களா? பையை டிரைவர் பக்கத்துல வைப்பா, எப்பவும் அங்கதான் வைப்பாங்க. அம்மா எங்க, முட்டி வலியா?"

மார்ட்டின் தலையை அசைத்தான். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கண்டக்டர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எண்ணெய் போட்டு உருவச் சொன்னார். மற்ற டிக்கெட்டுகளைப் பார்க்கப் போய்விட்டார். பை டிரைவரின் பக்கத்தில், என்ஜின் பெட்டியை ஒட்டி, அவளுடைய இடத்தில் உட்கார்ந்து வந்தது. ஒவ்வொரு வளைவிலும் ரெஞ்சுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

கரியாலூரில் இறங்கி நாற்பது நிமிடம் நடந்தான். இரண்டு பக்கமும் மரவள்ளி. இந்த மேட்டில் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கே நின்றிருப்பாள் என்று பார்த்துக்கொண்டே ஏறினான். உட்காரத் தோதான கற்கள் மூன்று இருந்தன.

ஊர் முனையில் பாப்பாத்தி நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான, விறைப்பான பெண். அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் வாடியது.

"அக்கா இன்னும் கோவமாத்தான் கீதா?"

பதினெட்டுக் கிலோமீட்டர் மலைப்பாதையில் அவன் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் நீளமாக இருந்தன.

"அம்மா எறந்துட்டாங்க" என்றான். "போன திங்கக்கெழமைக்கு முந்தின திங்கக்கெழம."

அவள் அழவில்லை. பக்கத்தில் இருந்த கல்லில் மெதுவாக உட்கார்ந்தாள். கை விரலை மடக்கி நாள் எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினாள்.

"அன்னைக்கிதான் பாறை மேல ஏறி போன் அடிச்சேன். எடுக்கல. எம்மேல கோவம்னு நெனச்சுக்கினேன்."

நடந்ததை அவளே சொன்னாள். வால்வுத் தண்டு முறிந்த அன்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு நின்றிருந்தார்கள். இஞ்ஞாசியம்மாள் முறிந்த தண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆத்திரத்தில் பாப்பாத்தி ஒரு வார்த்தை விட்டுவிட்டாள்.

"சோறாக்க வந்தவளுக்கு டேங்குல இன்னா வேலைன்னு கேட்டுட்டேன் தம்பி. அத்தனை பேரு முன்னால.  அக்கா பூட்டைப் பூட்டிச்சு, வால்வு வாங்கியாரேன்னு சொல்லிட்டுப் போச்சு."

மார்ட்டின் காலடியில் கிடந்த ஒரு கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கேள்வியை அவனும் கேட்டிருக்கிறான். அத்தனை பேர் முன்னால் இல்லை, போனில். அவ்வளவுதான் வித்தியாசம்.

தொட்டிக்குப் போனார்கள். வால்வுக் குழியின் இரும்பு மூடியில் ஒரு பூட்டு தொங்கியது. கட்டை விரல் அளவு. துருப்பிடித்தது. ஒரு கல்லால் இரண்டு தட்டுத் தட்டினால் வாயைப் பிளந்துவிடும். மூன்று வாரமாக ஒரு ஊரே இதைத் தாண்டி ஓடைக்கு நடந்திருக்கிறது.

"ஒடைச்சிருக்கலாமேம்மா" என்றான். "மூடியைத் தொறந்து, அந்த வால்வைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு ஓஸ் பைப்பைச் சொருவியிருந்தாக்கூட தண்ணி வந்திருக்கும்."

"பசங்க ஒடைக்கிறேன்னுதான் சொன்னானுங்க. நான்தான் வுடல. ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லியாச்சு. பூட்டையும் ஒடைச்சா, அக்கா நீ இனிமே வராதன்னு சொன்ன மாதிரி ஆயிடாது? அக்கா வந்து பாத்தா இன்னா நெனைக்கும்? இது டீமு பூட்டு இல்ல தம்பி. அக்கா பூட்டு."

அவன் நீல நூல் கட்டிய சாவியைத் தேடி எடுத்தான். பூட்டு திறந்தது. அம்மா எண்ணெய் விட்டு வைத்திருந்தாள்.

வேலை ஒரு மணி நேரம் பிடித்தது. பழைய வால்வைக் கழற்றினான். புதிய வால்வை எடுத்துத் துணியைப் பிரித்தான். ஒரு துண்டில் அவன் சுற்றிய டேப். இன்னொன்றில் அம்மா சுற்றியது. கட்டை விரல் நகத்தால் தடவிப் பார்த்தான். பிரித்துச் சுற்றவே இல்லை. மாற்றித்தான் இருந்தது. நாலு சுற்றுப் போதும் என்றால் பத்துச் சுற்றுச் சுற்றி, பிரிந்துவிடாமல் முனையை விரலால் அழுத்தி வைத்திருந்தாள். அழுத்திய இடம் கொஞ்சம் மழுங்கியிருந்தது.

அப்படியே மாட்டினால் ஒழுகும். அதில் சந்தேகமில்லை.

மார்ட்டின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.  பிறகு முனையை எடுத்து, மெதுவாக, அறுந்துவிடாமல், பத்துச் சுற்றையும் பிரித்தான். கீழே போட்டால் ஓடைக்குப் போகும், மாடு தின்னும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்த டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தான். புதிய டேப்பைச் சரியான பக்கம் நாலு சுற்றுச் சுற்றினான். மாட்டினான். முடுக்கினான். திறந்தான்.

முதலில் காற்று. பிறகு துருநிறத் தண்ணீர். பிறகு தெளிந்தது. குழாயடியில் சத்தம் கேட்டதும் வீடுகளிலிருந்து பெண்கள் குடங்களோடு வந்தார்கள். பாப்பாத்தி அவர்களிடம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். வந்தவர்கள் குடத்தை வைக்காமல் நின்றார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருத்தி குழாயை மூடினாள். சற்று நேரம் கழித்து அவளே திறந்து குடத்தை வைத்தாள். 

அவன் குழியருகில் முழங்காலிட்டுச் சுவரைப் பார்த்தான். மேல் பூச்சு பல இடத்தில் உரிந்திருந்தது. ஒரு டீமின் பெயர். அதன் அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் நீல எழுத்தில் முதல் டீமின் எட்டுப் பேர். ரெஞ்சின் முனையால் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தான். எந்த அடுக்கிலும் அவன் தேடிய பெயர் இல்லை. இருக்காது என்றும் தெரியும்.

மூடியைப் போட்டுப் பூட்டினான். பூட்டாமல் விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, சின்னப் பிள்ளைகள் உள்ளே இறங்கிவிடும், பூட்டு என்றாள் பாப்பாத்தி. மாதம் ஒரு தடவை திறந்து சேற்றைக் கழுவி விட வேண்டும், இல்லாவிட்டால் இந்த வால்வும் இறுகிவிடும் என்று அவன் சொன்னான். இரண்டு சுற்றுத் திறக்கவும் மூடவும் எப்படி என்று காட்டினான். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

"சாவியை நீங்களே வச்சுக்கங்க. கொத்து திங்கக்கெழம ஆபீசுக்குப் போவுது. அப்புறம் கெடைக்காது" என்று வளையத்திலிருந்து நீல நூல் சாவியைக் கழற்றப் போனான்.

அவள் கையைத் தடுத்தாள். "கழட்டாத தம்பி. அது அக்கா கோத்து வச்சது."

"பின்ன எப்படித் தொறப்பீங்க?"

"அன்னைக்கி நான் அவ்ளோ பேசியும், கெளம்பும்போது என்னைக் கூப்ட்டுச்சு. வர்ற தடவை உனக்குன்னு ஒரு சாவி போட்டுக் கொண்டாரேன், இனிமே நீயே தொறந்து மூடு, யாரையும் எதிர்பாக்காதன்னு சொல்லிச்சு. ஊருக்கே கேட்டுச்சு. அதைக் கொண்டா. அக்கா குடுத்ததா இருக்கட்டும். இதை நான் வாங்குனா, திட்டுனவ சாவியையும் புடுங்கிக்கினான்னு ஆயிடும்."

சாப்பிடச் சொன்னாள். சாமைச் சோறும் புளிக்குழம்பும். அம்மா வைக்கிற குழம்பின் ருசி அப்படியே இருந்தது. யார் யாரிடம் கற்றார்கள் என்று அவன் கேட்கவில்லை.  கடைசிப் பிடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

இறங்கும் பஸ்ஸில் வேறு கண்டக்டர். பையை யாரும் அடையாளம் காணவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டான்.

கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது மணி ஆறரை. பஸ் நிலைய வாசலில் பெரிய குடைக்குக் கீழே சாவிக்காரர் உட்காருகிற இடம். குடை இருந்தது. பெட்டி இல்லை. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டான். சனிக்கிழமையானால் ஐந்துக்கே கட்டிவிடுவார், நாளைக்கு வரமாட்டார், திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல்தான் என்றாள். "அவசரமாப்பா? வூட்டுச் சாவியா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க" என்றான்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஓசூரில் ஷிஃப்ட். ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் தீனதயாளன். பத்து மணிக்கு மேல் சாவிக்காரர். மூன்றையும் மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தான். எப்படி வைத்தாலும் ஒன்று விடுபட்டது.

சட்டைப் பையில் கைவிட்டான். சுருட்டிய டேப்போடு அந்தக் காலண்டர் தாளும் வந்தது. தெரு விளக்கில் பிரித்துப் படித்தான். இடப்பக்கம் சாய்ந்த, பெரிய பெரிய எழுத்து. டேப். கோடு போட்டு அடித்திருந்தாள். வால்வு ஒன்றேகால். அதுவும் அடித்திருந்தது. மார்ட்டினுக்கு முறுக்கு மாவு. அதுவும்.

கடைசி வரி மட்டும் அடிக்காமல் இருந்தது. 'சாவி போட, பாப்பாத்திக்கு.'